பழைய மிர்ரர் பாய்ப்படகு: மக்கிய பலகையை வெட்டி எடுப்பதா, மேலே ஃபைபர் ஒட்டுவதா?

கரைக்காற்று (எசெக்ஸ், இங்கிலாந்து)

எல்லோருக்கும் வணக்கம். பக்கத்து ஊரில் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் பல வருடமாகக் கிடந்த மிர்ரர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1963-ல் லண்டன் படகுக் கண்காட்சியில் வெளிவந்த சின்னப் பாய்ப்படகு இது. டெய்லி மிர்ரர் பத்திரிகை பின்னால் நின்றதால் அந்தப் பெயர், பாய் சிவப்பாக இருப்பதும் அதனால்தான். படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், பிபிசி தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து வேலைகளைச் சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கியது. நீளம் 3.30 மீட்டர், அகலம் 1.39 மீட்டர், வெறும் உடம்பு மட்டும் 45.5 கிலோ. வெட்டிய பிளைவுட் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, தையல் மேல் கண்ணாடி இழை (ஃபைபர்) நாடாவை ரெசின் என்கிற பிசின் வைத்து ஒட்டிவிட்டால் படகு தயார். தச்சு வேலை தெரியாத குடும்பங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துக் கட்டினார்கள், ஆரம்ப விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். எழுபதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன. சாதாரண வேலைக்குப் போகிறவர்களும் கடலில் பாய் விரிக்கலாம் என்று ஆக்கிய படகு என்பதால் எனக்கு இதன் மேல் பெரிய மரியாதை.

இப்போது என் படகின் நிலைமை. மேலே போட்டிருந்த தார்ப்பாய் கிழிந்து, படகு நிமிர்ந்தபடியே கிடந்ததால் மழைத்தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருக்கிறது. மிர்ரரில் முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் என்று நான்கு காற்றுப் பெட்டிகள் உண்டு, கவிழ்ந்தாலும் மிதப்பது இவற்றால்தான். அவற்றின் மூடிகளை இறுக்கி மூடியே வைத்திருக்கிறார்கள். திறந்தபோது நல்ல காளான் வாடை. இடது பக்கப் பெட்டியின் அடிப்பலகையில் ஸ்குரூடிரைவர் முனை சிரமம் இல்லாமல் இறங்குகிறது. பின்பலகையின் கீழ் மூலை ஒன்று கறுத்து அடுக்குப் பிரிந்திருக்கிறது. டேகர்போர்டு, அதாவது படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நடுவில் தண்ணீருக்குள் இறக்குகிற பலகை, அது இறங்கும் பெட்டியைச் சுற்றியும் சந்தேகமாக இருக்கிறது. பாய்மரமும் கழிகளும் நன்றாகவே இருக்கின்றன, பாய் வெளிறிவிட்டது, கிழியவில்லை.

விற்றவர், "மேலே மொத்தமாக ஒரு கோட் ஃபைபர் போட்டுவிடுங்கள், இன்னும் இருபது வருடம் ஓடும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. படகு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுக்கான் (தூத்துக்குடி)

நான் ஃபைபர் படகுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். மர வல்லத்துக்கு மேல் ஃபைபர் போடுவது எங்கள் பக்கம் சாதாரண விஷயம். பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்து, கிரைண்டரில் தேய்த்து, மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பும் ரெசினும் வைத்து இரண்டு லேயர் போட்டால் ஒழுகல் நின்றுவிடும். உங்களுடையது குட்டிப் படகு, இரண்டு பேர் இருந்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். பலகையை வெட்டி, புதுப் பலகை வாங்கி, அதைச் சரிவு சீவி ஒட்டுவது எல்லாம் நாள் பிடிக்கும், காசும் பிடிக்கும். இங்கிலாந்தில் மெரைன் பிளைவுட் என்ன விலையோ தெரியாது, ஆனால் சும்மா கிடைக்காது. ரொம்ப மோசமான இடத்தை மட்டும் நோண்டி எடுத்துவிட்டு அதில் புட்டி வைத்து மேலே ஃபைபர் போடுங்கள். மீன்பிடிக்கிற ஆள் படகைக் கரையில் போட்டு மாதக்கணக்கில் செதுக்கிக்கொண்டிருக்க முடியாது, சீக்கிரம் கடலுக்கு அனுப்புகிற வேலைதான் எங்களுக்குப் பழக்கம்.

ஓடாவி மகன் (பாம்பன்)

சுக்கான் அண்ணன் சொல்வது தொழில் படகுக்கு ஒரு கணக்கு. ஆனால் இந்தப் படகுக்கு அதைச் செய்ய வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் படகு கட்டுகிற வேலை. அப்பா வல்லமும் வத்தையும் கட்டியவர். ஃபைபர் போர்த்திய மர வல்லங்கள் ரிப்பேருக்கு வந்து நாங்கள் பிரித்திருக்கிறோம். வெளியில் பார்த்தால் பளபளவென்று இருக்கும். ஒரு ஓரத்தில் உளி வைத்துக் கிளப்பினால் ஃபைபர் ஓடு மாதிரித் தனியாக எழும்பி வரும், உள்ளே பலகை ஈர மண்ணாக இருக்கும், கையால் அள்ளலாம். ஏன் அப்படி ஆகிறது என்றால், மரத்தில் ஈரம் ஏற்கெனவே இருக்கிறது, வெளிப்பக்கத்தை அடைத்துவிட்டால் அது போக வழியில்லை. மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. அதற்கு மரத்தில் இருபது சதவீதத்துக்கு மேல் ஈரமும் கொஞ்சம் காற்றும் இருந்தால் போதும். போர்த்தி வைத்தால் இரண்டும் நிரந்தரமாகக் கிடைக்கும். அது போக, பட்டறைகளில் ஃபைபருக்குப் போடுகிற பாலியெஸ்டர் ரெசின் மரத்தில் நன்றாகப் பிடிக்காது. மரம் ஊதிச் சுருங்கும், ரெசின் அதோடு சேர்ந்து அசையாது, பிடி விட்டுவிடும்.

இன்னொன்று, இவர் படகைக் கெடுத்தது மழைத்தண்ணீர். உப்புத்தண்ணீரில் இந்தப் பூஞ்சை அவ்வளவாக வளராது. அதனால்தான் பழைய ஆட்கள் புது மரத்தை உப்புத்தண்ணீரில் ஊறப்போடுவார்கள், கரையில் கிடக்கிற படகுக்குள்ளும் கடல் தண்ணீரை வாரி ஊற்றுவார்கள். மழைத்தண்ணீர் தேங்கவே கூடாது.

45 கிலோ படகில் 5 மில்லிமீட்டர் பிளைவுட்தான் இருக்கும். அதன் மேல் மேட்டும் ரெசினும் இரண்டு லேயர் போட்டால் எடை எவ்வளவு ஏறும் என்று யோசியுங்கள். பாய் மொத்தமே ஆறரை சதுர மீட்டர் சுமார், அது இழுக்க வேண்டும். காற்று குறைவான நாளில் படகு நகராது. கெட்டதை வெட்டி எடுங்கள். நல்ல மரம் தெரிகிற வரைக்கும் வெட்டுங்கள், அதற்கு மேலும் நாலு விரல் தள்ளி வெட்டுங்கள்.

நீலப்பாய் (சென்னை)

நான் ஓடாவி மகன் பக்கம். என்னிடம் இருப்பது என்டர்பிரைஸ், மிர்ரருக்கு அண்ணன் முறை. இதே ஜாக் ஹோல்ட் 1956-ல் வரைந்தது, இதுவும் நியூஸ் கிரானிக்கிள் என்கிற பத்திரிகை ஆதரவில் வந்தது, 4.04 மீட்டர், நீலப் பாய். சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கிற ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல் தொடங்கியது, அங்கே பாய்ப்படகு கற்றவர்கள் பலருக்கு என்டர்பிரைஸ் நன்றாகத் தெரியும். என்னுடையது மரத்தால் ஆனது, அதன் அடிப்பலகையைப் பாதிக்கு மேல் மாற்றியிருக்கிறேன்.

கரைக்காற்று, முதலில் வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். எல்லா மூடிகளையும் திறந்து, படகைக் கூரைக்குக் கீழே கொண்டுபோய்க் காய விடுங்கள். அதற்கு முன்னால் குளியலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் தனித்தனியாகத் தராசில் வைத்துக் கூட்டினால் போதும், கிட்டத்தட்டச் சரியாக வரும். காயக் காய எடை இறங்கும், இறங்குவது நின்ற பிறகு வேலை தொடங்கலாம். ஊசி வைத்த ஈரமானி கிடைத்தால் இன்னும் நல்லது. எப்பாக்சி (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் கெட்டியாகிற பசை) ஒட்டுவதற்கு மரம் 12 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இங்கிலாந்துக் குளிரில் சூடு இல்லாத கராஜில் அது தானாக இறங்காது, ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வேண்டும். சென்னையில் நாங்கள் ஐப்பசி, கார்த்திகை மழை முடியும் வரை எப்பாக்சி டப்பாவைத் திறப்பதே இல்லை.

காய்கிற நேரத்தில் கெட்ட இடங்களின் வரைபடம் தயார் செய்யுங்கள். கூர்மையான குத்தூசியை எடுத்து ஒவ்வொரு அங்குலமாகக் குத்திப் பாருங்கள், ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக் கேளுங்கள். நல்ல பிளைவுட் கணீரென்று கேட்கும், கெட்டது பொத்பொத்தென்று கேட்கும். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: பின்பலகை மூலைகள், பாய்மரம் ஊன்றும் இடம், டேகர்போர்டுப் பெட்டியின் அடி, மேல் விளிம்புச் சட்டத்துக்குக் கீழே, பிறகு ஸ்குரூ போன ஓட்டை ஒவ்வொன்றும். வெளியில் நல்ல பெயிண்ட் இருந்தாலும் நம்பாதீர்கள்.

பெயிண்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அறுபது, எழுபதுகளில் கட்டிய படகில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்க நிறைய வாய்ப்பு. சோதனைக் குச்சி கடையில் விற்கிறார்கள். ஈயம் இருந்தால் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், நல்ல மாஸ்க் போட வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் வரவே கூடாது.

கரைக்காற்று

ரொம்ப நன்றி. எடை பார்க்கும் யோசனை அருமை. கொண்டுவந்தபோது 58 கிலோ. கராஜில் ஈரம் உறிஞ்சும் மெஷின் வைத்த பிறகு இறங்கி 51-ல் நிற்கிறது. வாளியில் சேரும் தண்ணீரைப் பார்த்தால் இவ்வளவும் பலகைக்குள் இருந்ததா என்று ஆச்சரியமாக இருக்கிறது.

குத்தூசி வைத்துப் பார்த்ததில் கெட்ட இடங்கள் நினைத்ததை விடக் குறைவு, ஆனால் கெட்டது ஆழமாகக் கெட்டிருக்கிறது. இடது பெட்டிக்குள் அடிப்பலகையில் இரண்டு கை அகலம், பின்பலகை மூலை, டேகர்போர்டுப் பெட்டியின் அடிச்சட்டம். பாய்மரம் ஊன்றும் இடம் கெட்டியாக இருக்கிறது. ஈயச் சோதனை அடி பெயிண்டில் சிவப்புக் காட்டியது, அதனால் ஈரமாக மட்டும் தேய்க்கிறேன், சுரண்டியதை எல்லாம் தனிப் பையில் கட்டி ஊராட்சிக் குப்பை மையத்தில் அதற்கென்று இருக்கிற இடத்தில் கொடுக்கிறேன்.

கேள்வி: பழைய நாடா சில இடங்களில் எழும்பியிருக்கிறது. அதற்குக் கீழே செப்புக் கம்பித் துண்டுகள் தெரிகின்றன. அவற்றை எடுக்க வேண்டுமா? அப்புறம், மரத்துக்குள் ஊறிப்போகிற மாதிரித் தண்ணீராக இருக்கும் எப்பாக்சி விற்கிறார்களே, அதை மக்கிய இடத்தில் ஊற்றினால் கெட்டியாகிவிடும் என்கிறார்கள், உண்மையா?

பருத்தித்துறையான் (டொராண்டோ)

தம்பி, செப்புக் கம்பியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மிர்ரரில் அந்தத் தையல் உள்ளேயே இருக்கிறதுதான் முறை, வெளியே நீட்டியதை மட்டும் வெட்டித் தேய்த்திருப்பார்கள். நாடா எழும்பிய இடத்தில் பச்சை பிடித்த துண்டு ஏதும் அசைந்தால் இழுத்துவிட்டு ஓட்டையை நிரப்புங்கோ. எழும்பின நாடாவை ஹீட் கன்னால் சூடு காட்டிச் சுரண்டி எடுங்கோ, சுகமாக வரும். கண்ணாடி இழைத் தூள் நெஞ்சுக்குக் கூடாது, முழுக்கை உடுப்பும் மாஸ்க்கும் கட்டாயம்.

ஊறுகிற எப்பாக்சி பற்றி என் கருத்து கடுமையானது. உக்கின மரத்தில் நார் இல்லை. பூஞ்சை அதைத் தின்று முடித்துவிட்டது. அதில் ரெசினை ஊற்றினால் கெட்டியான கட்டி ஒன்று கிடைக்கும், ஆனால் வளைவு தாங்கும் பலம் திரும்பாது. ஜன்னல் சட்டத்துக்கு அது போதும். அலை அடிக்கிற அடிப்பலகைக்குப் போதாது.

நான் கனடாவில் குளிருக்குள் வேலை செய்கிறவன், அதனால் எப்பாக்சி பற்றிச் சில விஷயம் சொல்கிறேன். பத்துப் பாகை (டிகிரி) செல்சியசுக்குக் கீழே சாதாரண எப்பாக்சி சோம்பிப் போய்விடும், கெட்டியாகிற மாதிரித் தெரியும், ஆனால் முழுதாக ஆகாது. டப்பாவை வீட்டுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு போங்கோ, ஒட்டின இடத்துக்கு மேல் போர்வை கூடாரம் போட்டு உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் வையுங்கோ, எரிகிற அடுப்பு வேண்டாம், அது ஈரத்தைக் கூட்டும். காய்ந்த பிறகு மேலே மெழுகு மாதிரி வழுவழுப்பாக ஒரு படலம் வரும். அதை முதலில் தண்ணீரும் முரட்டுத் துணியும் வைத்துக் கழுவ வேண்டும், கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலம் உள்ளே அமுங்கி அடுத்த கோட் பிடிக்காது.

மரத்தில் பூசும்போது மரம் சூடு குறைந்துகொண்டு வருகிற நேரம் பார்த்துப் பூசுங்கோ. சூடாகிற நேரத்தில் மரத்துக்குள் இருக்கிற காற்று விரிந்து வெளியே வந்து குமிழ் குமிழாக நிற்கும். ஆறுகிற நேரத்தில் காற்றுச் சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும்.

இதைச் சொல்லும்போது எங்கள் வல்வெட்டித்துறை ஓடாவிமார் (படகு கட்டுகிறவர்கள்) நினைவுக்கு வருகினம். அவர்கள் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-ல் அமெரிக்காவில் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. வேம்பும் இலுப்பையும் வைத்துக் கட்டின கப்பல். எப்பாக்சி இல்லாத காலம். மரம் எப்போது காய்ந்தது, எப்போது ஈரம் என்று கையால் தொட்டுத் தெரிந்த ஆட்கள் அவர்கள். அந்த அறிவு இந்தச் சின்னப் படகுக்கும் வேண்டும்.

சுக்கான்

சரி, முழுக்க ஃபைபர் போர்த்துவதை விட்டுவிடுகிறேன், 51 கிலோ என்று கேட்ட பிறகு எடைக் கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் தையல் மேல் நாடா ஒட்டுகிற வேலை என் துறை, அதில் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

பட்டறையில் நாங்கள் பாலியெஸ்டர் ரெசினுக்கு அதைக் கெட்டியாக்குகிற கேட்டலிஸ்ட்டை வெயிலுக்குத் தகுந்த மாதிரிக் கூட்டிக் குறைத்துப் போடுவோம், ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று. அந்தப் பழக்கத்தில் எப்பாக்சியிலும் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் காயும் என்று நினைக்கிற ஆட்கள் நிறைய. எப்பாக்சியில் அது நடக்காது. ரெசினும் ஹார்டனரும் கணக்காகச் சேர்ந்தால்தான் கெட்டியாகும், ஒன்று கூடினாலும் மீதி அப்படியே பிசுபிசுவென்று நிற்கும், எத்தனை நாள் ஆனாலும் காயாது. சமையலறை டிஜிட்டல் தராசில் எடை போட்டுக் கலக்குங்கள், டப்பாவில் போட்டிருக்கிற விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்று படித்துக்கொள்ளுங்கள். வேகம் வேண்டும் என்றால் வேகமான ஹார்டனர் தனியாக வாங்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் மெதுவான ஹார்டனர், விடிகாலை வேலை. கலந்ததைக் கப்பிலேயே வைத்திருக்காமல் அகலமான தட்டில் ஊற்றினால் சூடேறாது.

அப்புறம், பழைய பாலியெஸ்டர் மேல் எப்பாக்சி ஒட்டும். எப்பாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாகக் காயாது. அதனால் இனி இந்தப் படகில் எதைச் செய்தாலும் எப்பாக்சி மட்டும்.

நாடாவை ஒட்டுவதற்கு முன் மூலையில் மரத்தூள் கலந்த எப்பாக்சியால் வளைவாக ஒரு நிரப்பு கொடுங்கள், கரண்டிப் பின்பக்கத்தால் இழுத்தால் அழகாக வரும். அது பச்சையாக இருக்கும்போதே நாடாவை வைத்து ரெசினால் நனையுங்கள். வெள்ளையாகத் தெரிகிற இடம் எல்லாம் காற்று, அது மறையும் வரை ரோலரால் அழுத்த வேண்டும். ஓரங்களை அது ரப்பர் பதத்தில் இருக்கும்போது கத்தியால் வெட்டிவிட்டால் தேய்க்கிற வேலை பாதி மிச்சம்.

ஓடாவி மகன்

சுக்கான் அண்ணன் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை.

ஒட்டுப்போடுகிற விஷயத்துக்கு வருகிறேன். பிளைவுட் சேர்க்கும்போது கனத்தைப் போல எட்டு மடங்கு சரிவு. 5 மில்லிமீட்டர் பலகைக்கு 40 மில்லிமீட்டர். பழைய பலகை ஓரத்தையும் புதுத் துண்டு ஓரத்தையும் அந்தச் சரிவில் சீவிப் பொருத்தி ஒட்டினால் அந்த இடம் மற்ற பலகை மாதிரியே வளையும், தெரியவும் தெரியாது. இழைப்புளி கூர்மையாக இருந்தால் கஷ்டமான வேலை இல்லை. பிளைவுட்டின் அடுக்குகள் கோடு கோடாக வரும், அந்தக் கோடுகள் நேராக இருந்தால் சரிவு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

பெட்டிக்குள் மறைந்து இருக்கிற இடத்துக்கு இவ்வளவு பாடுபட வேண்டாம். வெட்டிய ஓட்டையை நேர் ஓரமாகச் சதுரமாக்கி, உள்பக்கம் அதே கனத்தில் பலகை ஒன்றை ஓட்டையை விட எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் பெரியதாக வைத்து ஒட்டி, அதன் மேல் வெளியிலிருந்து துண்டைப் பொருத்தலாம். ஓட்டையின் மூலைகளை மட்டும் வளைவாக வெட்டுங்கள், கூர்மூலையில்தான் பின்னால் வெடிப்பு தொடங்கும்.

பசை போடும்போது ரொம்ப இறுக்கி கிளாம்ப் போடாதீர்கள். ஆசாரி வேலைப் பழக்கத்தில் எல்லோரும் நெரிப்பார்கள். எப்பாக்சி முழுக்கப் பிதுங்கி வெளியே வந்தால் ஒட்டில் பசையே இல்லாமல் போய்விடும், நடுவில் கொஞ்சம் பசை நிற்க வேண்டும்.

பித்தளை ஸ்குரூ வேண்டாம். உப்புத்தண்ணீரில் அதிலிருந்து துத்தநாகம் கரைந்து போய் செம்பு மட்டும் நொறுநொறுவென்று நிற்கும், திருகினால் தலை தனியாக வரும். 316 ஸ்டெயின்லெஸ், இல்லையென்றால் சிலிக்கான் வெண்கலம்.

கோவளத்துக்காரன் (சென்னை)

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இந்தியாவில் இருப்பவர்கள் இந்த வேலைக்கு எந்த பிளைவுட் வாங்க வேண்டும்? கடையில் எல்லாவற்றையும் வாட்டர்ப்ரூஃப் என்றுதான் சொல்கிறார்கள்.

நீலப்பாய்

ஐஎஸ் 710 முத்திரை இருக்கிற மெரைன் பிளைவுட் மட்டும். ஐஎஸ் 303 என்று போட்டது வீட்டு அலமாரிக்கு. இங்கிலாந்தில் பிஎஸ் 1088. முத்திரையை மட்டும் நம்பாமல் ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் சில மணி நேரம் போட்டுவிட்டு, எடுத்துக் காயவைத்து மறுபடி போடுங்கள். அடுக்குப் பிரிந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள். வெட்டிய ஓரத்தையும் பாருங்கள், நடு அடுக்குகளில் இடைவெளி தெரியக் கூடாது. அந்தச் சந்து வழியாகத்தான் தண்ணீர் பலகை முழுக்க ஓடும். மெல்லிய கனத்தில் நல்ல மெரைன் பிளைவுட் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது, ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், அதற்கு அவசரப்பட்டு வேறு எதையாவது வாங்கிவிடாதீர்கள். எந்தப் பலகையானாலும் வெட்டிய ஓரத்துக்கு எப்பாக்சி மூன்று முறையாவது குடிக்கக் கொடுங்கள்.

கரைக்காற்று

பலகை வேலை முடிந்தது. பின்பலகை மூலையைச் சரிவு சீவி ஒட்டியிருக்கிறேன், அடிப்பலகைக்கு உள்பக்கம் பலகை வைத்த ஒட்டு. எடை மறுபடி பார்த்தேன், 49 கிலோ, பழைய பெயிண்ட் போனதில் மட்டும் இவ்வளவு குறைந்திருக்கிறது. மிர்ரர் சங்கத்தின் வரைபடங்கள் பெரிய உதவி, டேகர்போர்டுப் பெட்டியின் அளவுகளை அதிலிருந்துதான் எடுத்தேன்.

பெயிண்ட் ஒரு பேக்கா (அப்படியே பூசுவது), இரண்டு பேக்கா (ஹார்டனர் கலந்து பூசுவது)? பாயை எப்படிக் கழுவுவது?

நீலப்பாய்

மரப் படகுக்கு ஒரு பேக் எனாமல் போதும். இரண்டு பேக் பாலியூரிதேன் கெட்டி, ஆனால் அதில் ஐசோசயனேட் என்கிற, நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கிறது, ஸ்பிரே அடித்தால் வெளியிலிருந்து காற்று வருகிற முகமூடி இல்லாமல் மூச்சு விடவே கூடாது. வீட்டுக் கராஜில் அந்த வேலை வேண்டாம், கீறல் விழுந்தால் திருத்துவதும் சிரமம். எப்பாக்சி வெயிலில் வெளிறிப் பொடியாகும், அதனால் அது தெரிகிற இடம் எல்லாம் பெயிண்ட் அல்லது வெயில் தாங்கும் வார்னிஷ் கட்டாயம். உள்பக்கம், மேல்தளம் வார்னிஷ் என்றால் முதல் கோட்டை நன்றாக நீர்த்துப் பூசுங்கள், பிறகு ஒவ்வொன்றுக்கும் நடுவில் 320 எண் உப்புக்காகிதத்தால் லேசாகத் தேய்த்து ஐந்தாறு கோட். பெட்டிகளின் உள்பக்கம் கைக்கு எட்டாத இடத்துக்கு நீளக் குச்சியில் பஞ்சு உருளை கட்டிப் பூசுங்கள், அங்கேதான் நோய் தொடங்கியது.

பாயை வாஷிங் மெஷினில் போடவே கூடாது. குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், லேசான சோப்பு, ஊறவைத்து மென்மையான பிரஷ், நிழலில் காயவையுங்கள். துணியை விட முதலில் இற்றுப்போவது தையல் நூல், வெயில் பட்ட மேல் ஓரங்களில். நகத்தால் தையலை நிமிண்டிப் பாருங்கள், நூல் அறுந்தால் வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூலால் அந்த வரிசை முழுக்கத் தைத்துவிடுங்கள். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கொடிக்கம்பிகளைத் துணி வைத்து உருவிப் பாருங்கள், துணி ஒரு இடத்தில் மாட்டினாலும் அந்தக் கம்பியை மாற்றுங்கள், உள்ளே இழை அறுந்திருக்கிறது.

ஓடாவி மகன்

தண்ணீரில் விடும் முன்னால் பெட்டிகளைச் சோதியுங்கள். மூடியில் ஒரு குழாய் பொருத்தி வாயால் ஊதுங்கள், ஒட்டு எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழ் வருகிற இடம் ஓட்டை. கம்ப்ரசர் வைத்து ஊதினால் பெட்டியே பிளந்துவிடும், வாய்க்காற்று போதும்.

மிர்ரரின் பாய்மரம் எனக்குப் பிடித்திருக்கிறது. கீழே குட்டை மரம், அதன் மேல் கழி ஒன்று நிமிர்ந்து ஏறிப் பாயைத் தூக்குகிறது, இறக்கினால் எல்லாம் படகு நீளத்துக்குள் அடங்குகிறது. எங்கள் படகுகளில் பாய் கட்டுகிற பருமல் போலவே கழிதான் பாரம் தாங்குகிறது, அதனால் கழியில் கயிறு கட்டுகிற இடத்தையும், மரத்தைக் கவ்வுகிற கவட்டையையும் நன்றாகப் பாருங்கள், அங்கே வெடிப்பு இருந்தால் கடலில் பாய் மொத்தமாக இறங்கிவிடும்.

கரைக்காற்று

பிளாக்வாட்டர் கழிமுகத்தில், மால்டன் பக்கம், கடல் ஏற்றம் நிரம்பியிருந்த நேரத்தில் இறக்கினோம். அங்கே வற்றம் வந்தால் சேறுதான், நேரம் பார்த்துத் திரும்ப வேண்டும். மகள் சுக்கான் பிடித்தாள். லேசான தென்மேற்குக் காற்று, படகு அவ்வளவு இலகுவாக நகர்ந்தது, எடையைப் பற்றி நீங்கள் எல்லோரும் ஏன் அப்படிச் சண்டை போட்டீர்கள் என்று அப்போது புரிந்தது. பெட்டிகள் நான்கும் காய்ந்தபடியே இருக்கின்றன.

ஒரே ஒரு குறை. டேகர்போர்டுப் பெட்டியின் அடியில், முன் மூலையில் மெல்லத் தண்ணீர் கசிகிறது. நின்றால் கசிவு இல்லை, பாய் விரித்துப் போகும்போது மட்டும்.

ஓடாவி மகன்

போகும்போது மட்டும் கசிந்தால் டேகர்போர்டு பக்கவாட்டில் அழுத்தும்போது பெட்டி அசைகிறது, சந்து திறக்கிறது. மேலே புட்டி வைத்து அடைக்க வேண்டாம், அடுத்த ஓட்டத்தில் மறுபடி வெடிக்கும். படகைக் கவிழ்த்து, பெட்டிக்குள் மை கலந்த தண்ணீரை ஊற்றி எங்கே வருகிறது என்று குறியுங்கள். படகின் குறுக்கே உட்காருகிற நடுப்பலகையோடு பெட்டியின் மேல்பக்கம் சேர்கிற இடம் தளர்ந்திருக்கிறதா என்றும் கையால் ஆட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே பிடி விட்டிருக்கும், அதனால்தான் அடி அசையும். மேலே இறுக்கிவிட்டு, அடி மூலையைச் சுரண்டிக் காயவைத்து, வளைவாக ஒரு நிரப்பு, அதன் மேல் ஒரு நாடா என்று இரண்டு பக்கமும் போடுங்கள்.

கரைக்காற்று

நீங்கள் சொன்ன இடம்தான். நடுப்பலகையோடு சேர்க்கிற ஸ்குரூ இரண்டும் பித்தளை, திருகியதும் தலை கையோடு வந்துவிட்டது. ஓட்டைகளை எப்பாக்சியால் நிரப்பி 316 போட்டுவிட்டேன், அடி மூலைக்கு நாடாவும் ஒட்டியாயிற்று. மறுபடி இறக்கினோம், கசிவு இல்லை. குளிர்காலத்துக்குப் படகைக் கராஜ் சுவரோரம் கட்டைகள் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன், நான்கு மூடிகளும் திறந்தே இருக்கின்றன. பாயின் மேல் ஓரத் தையல் ஒரு வரிசை நகம் பட்டதும் அறுந்தது, அதை இந்த மாதத்துக்குள் தைக்க வேண்டும். நூலின் கனம் பற்றி நீலப்பாய் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

நீலப்பாய்

வி-69 பாலியெஸ்டர் நூல், வெயில் தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். வளைவுத் தையல் (ஜிக்ஜாக்), பழைய ஊசித் துளைகளுக்குள்ளேயே போக வேண்டாம், அதற்குப் பக்கத்தில் புது வரிசையாகப் போடுங்கள். வீட்டுத் தையல் மெஷின் இரண்டு மடிப்பு வரை தைக்கும், மூலைகளில் துணி ஏழெட்டு மடிப்பு இருக்கும், அங்கே கையால் தைக்க வேண்டும்.